பட்டாளத்துக்குச் சென்றோர் பெயரேடு

(இலுப்பூரில் கூட்டுறவு நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்யப்பட்ட பிரசங்கம்)



“எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்பது பழமொழி. இதன் பொருளைக் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சங்கத்தில் ஒரு ரூபாய் வாங்கினாலும் ஏட்டில் ஏறுகிறது. ஒரு ரூபாய் செலுத்தினாலும் ஏட்டில் ஏறுகிறது. அங்கத்தினர் இறந்தால் அவருடைய பங்குத் தொகை யாரைச் சேரும் என்பதும் வாரிசு நியமனப் புத்தகத்தில் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்த காரியத்தில் வழக்கு குறைவு. எழுதாமல் விட்ட காரியத்தில் வழக்கும் உண்டு, மறதியும் உண்டு.

ஒவ்வொரு கிராமத்துக்கும் எழுதாக் கடன் ஒன்று உண்டு. அது பணக்கடன் அன்று. அவ்வூரிலிருந்து பட்டாளத்துக்குச் சென்றவர்களுக்கு அவ்வூர் பட்டிருக்கும் கடன் அது. சென்றவர்களில் திரும்பி வந்தோர் உண்டு; திரும்பாதோரும் உண்டு. அவர்களுடைய பெயர், சேர்ந்த படை, சென்ற தேசம், முடிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கும் ஊர்கள் எத்தனை? வீடு தோறும் சிறிது சிறிதாக ஞாபகம் இருக்கும். பாட்டி ஒருத்தி சொல்வாள். அவள் காலத்துக்குப் பின் அதுவும் இல்லையாகும். இந்தக் கடனை எழுதி வைக்கும் வேலைக்குக் கிராமத்திலுள்ள ஸ்தாபனங்களுள் கூட்டுறவுச் சங்கமே மிகத் தகுந்தது என்பதுதான் இப்பிரசங்கத்தின் கருத்து.

இலுப்பூர் இப்போது புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். அன்னவாசல், விராலிமலை முதலிய ஊர்களை அடுத்த இப்பகுதி பெரும்பாலும் மழையையும் குளங்களையும் நம்பிய பூமி. பருவமழை தவறினால் குளம் பெருகாது. குளம் பெருகாவிடில் நடவு இல்லை. வானம் பார்த்த சீமையில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண் மக்கள் இருந்தால் நான்கு பேருக்கும் ஏர் பிடிக்க நிலம் போதாது. ஒருவன் உழுவான்; ஒருவன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறுவான்; ஒருவன் பட்டாளத்தில் சேருவான். இவ்விதமாகத்தான் தமிழ்நாட்டின் புன்செய்ச் சீமைகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் படைக்குச் சென்றார்கள். அவர்கள் அனுப்பிய மணியார்டர் வீட்டுக் கடனைத் தீர்த்தது. தங்கைக்குத் தாலி செய்தது. கிணற்றுக்கு வெட்டுக்கூலி கொடுத்தது. படை வீரனுடைய சம்பளம் கிராமப் பொருளாதாரத்தில் ஒரு வாய்க்கால் போல வந்து பாய்ந்திருக்கிறது. வாய்க்காலை நினைக்கிறோம், அதை வெட்டியவனை மறந்து விடுகிறோம்.

எந்தக் கிராமத்துக்கும் பொருந்தக்கூடிய ஒரு சம்பவத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு சங்கத்தில் நகைக்கடன் வழங்கும் நாளன்று ஒரு மூதாட்டி வருகிறார். உடன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேரன். முந்தானையில் முடிந்து கொண்டு வந்ததை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். ஒரு ஜோடி தங்கத் தோடு. அதனோடு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு வெள்ளி வட்டம். ஒரு பக்கத்தில் ஓர் அரசர் தலை. மறுபக்கத்தில் குதிரைமேல் ஒருவன், அருகில் 1914 என்றும் 1918 என்றும் எண்கள்.

நகை மதிப்பீடு செய்பவர் தோட்டை நிறுத்து விட்டு, “ஆத்தா, சங்கத்திலே தங்கத்துக்குத்தான் கடன். வெள்ளிக்குக் கிடையாது” என்கிறார்.

“அப்படியானால் ஆசாரியிடம் கொடுத்து விடுகிறேன், தம்பி. பெட்டியில் சும்மா கிடக்கிறது” என்கிறார் மூதாட்டி.

“இது யாருடையது, ஆத்தா?”

“பஸ்ராத் தாத்தாவுடையது. என் வீட்டுக்காரருடைய பாட்டனார். பட்டாளத்துக்குப் போனவர், பஸ்ராவிலேயே போய்விட்டார். இது பிறகு தபாலில் வந்ததாம்.”

“அவர் பெயர் என்ன?”

மூதாட்டி யோசிக்கிறார். வீட்டில் எல்லோரும் பஸ்ராத் தாத்தா என்றே சொல்லி வந்தார்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அவருக்கென்று தனியாக ஓர் இலை போட்டுப் படைப்பதும் உண்டு. ஆனால் பெயர்? மாமனார் காலத்தோடு அது போய்விட்டது. இலை இருக்கிறது; இலைக்குரியவர் பெயர் இல்லை.

மதிப்பீடு செய்பவர் அந்த வெள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். விளிம்பில் பொடி எழுத்துக்கள் இருக்கின்றன. நகைகளைப் பார்க்கும் கண்ணாடியைப் பேரன் கையில் கொடுக்கிறார். பையன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான்: முதலில் ஓர் எண், பிறகு பதவி, பிறகு ஒரு பெயர், பிறகு படையின் பெயர். “அப்பத்தா, தாத்தா பேர் இதிலேயே இருக்கிறது!” என்கிறான். அந்தப் பெயரை இங்கே சொல்ல வேண்டுவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் அது ஒவ்வொரு பெயராக இருக்கும். அன்று அந்த வெள்ளி ஆசாரியிடம் போகவில்லை என்பதே போதும்.

இந்தப் பதக்கம் முதல் உலக யுத்தத்தில் வேலை செய்த படைவீரர்களுக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் அளித்த யுத்தப் பதக்கம். போர்வீரர்களுக்கு வெள்ளியிலும், கூலிப்படை முதலியவற்றில் சேர்ந்து சென்றவர்களில் பலருக்கு வெண்கலத்திலும் அது செய்யப்பட்டது. பெற்றவருடைய எண், பதவி, பெயர், படை ஆகியவை அதன் விளிம்பில் பொறிக்கப்பட்டன. இறந்தவர்களின் நெருங்கிய உறவினருக்கு, இறந்தவர் பெயர் பொறித்த வட்டமான ஒரு வெண்கலத் தகடும் அனுப்பப்பட்டது. இவை தபாலில் வந்து சேர்ந்த வீடுகளில் அவற்றின் எழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் அந்நாளில் அருமை. ஆதலால் வெள்ளி, வெள்ளியாகவே மதிக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் எத்தனையோ பதக்கங்கள் உருக்கப்பட்டன. உருகியது வெள்ளி மட்டுமன்று. ஒரு மனிதனுடைய பெயரும் சேர்ந்து உருகிற்று.

பெயர் பதக்கத்தில் போனாலும் வேறெங்காவது இருக்குமே என்று சிலர் கருதலாம். அங்கேதான் துக்கமான சங்கதி இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றார்கள். அவர்களில் சுமார் 74,000 பேர் உயிர் துறந்தார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தங்கா துறைமுகத்தில் நடந்த சண்டையில், பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-வது காலாட்படையும், மதராஸ் ராஜதானியைச் சேர்ந்த 61-வது பயனியர் படையும் இருந்தன. மெஸபொடேமியா எனப்பட்ட இன்றைய ஈராக்கில் மதராஸ் காலாட்படைகளும், பாலம் கட்டிப் பாதை அமைக்கும் மதராஸ் ஸாப்பர்ஸ் படையும் வேலை செய்தன.

மெஸபொடேமியாவில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாதவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு ஞாபகச் சின்னம் கட்டப்பெற்று, 1929 மார்ச் 27-ந் தேதி திறக்கப்பட்டது. 40,000-க்கு மேற்பட்டவர்களுக்கு அது ஞாபகச் சின்னம். ஆயினும் அதில் ஒரு பேதம் செய்யப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களுக்குச் சாதாரணச் சிப்பாய் வரையில் பெயர் வெட்டப்பட்டது. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர் மாத்திரம் வெட்டப்பட்டது. மற்றவர்கள், இந்தப் படையில் இத்தனை பேர் என்று தொகையாக மட்டும் குறிக்கப்பட்டார்கள். பிரான்ஸ் தேசத்தில் நூவ் ஷப்பெல் என்னும் ஊரில் 1927-ல் திறக்கப்பட்ட சின்னத்திலோ 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பிரான்ஸில் இறந்த இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. பஸ்ராவில் இறந்த அவன் சகோதரனுக்கு எண்ணிக்கை மட்டுந்தான்.

யுத்தத்தில் இறந்தோரின் கல்லறைகளைப் பராமரிக்க 1917-ல் ஏற்படுத்தப்பட்டு, இப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என வழங்கும் ஸ்தாபனமே 2021 ஏப்ரல் மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் குறையை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலிய 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், இன்னும் 1,16,000 பேராவது, ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயராலோ அல்லது எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. இக்கடைசிக் கணக்கில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். நூறு ஆண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு நல்லதே. ஆயினும் அதனால் பஸ்ராத் தாத்தாவின் பெயர் அந்தக் கல்லில் ஏறிவிடவில்லை.

அந்நியர் கல்லை மாத்திரம் குறை கூறுவதிற் பயனில்லை. முதல் யுத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் பல ஊர்களில் சிறு கற்பலகைகள் பதிக்கப்பட்டன. இன்றும் அவற்றைக் காணலாம். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற அளவில் அவற்றின் வாசகம் அமைந்திருக்கிறது. அவர்கள் யார், எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது அவற்றில் இல்லை. அப்போது ஊரார் எல்லோருக்கும் தெரிந்திருந்தமையால் எழுதவில்லை போலும். தெரிந்தது என்று எழுதாமல் விட்டதே மறைந்து போவதற்குக் காரணமாயிற்று. மேலும் பழைய மதராஸ் காலாட்படைகள் 1920-களில் கலைக்கப்பட்டன. மதராஸ் ரெஜிமெண்ட் 1941-ல்தான் மீண்டும் எழுப்பப்பட்டது. படையே கலைந்த பிறகு, அதைப் பற்றி வீட்டார் விசாரிக்கவும் இடமில்லாமற் போயிற்று.

இந்நாட்டு முன்னோர் இவ்விஷயத்தில் எவ்வளவு கவனமாயிருந்தார்கள் என்பதைப் பார்த்தால் வியப்புண்டாகும். போரில் விழுந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் கூறுகிறது: கல்லைத் தேடிக் காணுதல், எடுத்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என ஆறு படிகள். தேனி ஜில்லாவில் புலிமான்கோம்பை என்னும் ஊரில் 2006-ல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்டவை என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவற்றுள் ஒன்று சில சொற்களிலேயே ஊரையும், நிரை கவர்ந்த சண்டையையும், இறந்தவன் பெயரையும் சொல்லி விடுகிறது. இந்த ஜில்லாவிலும் பொற்பனைக்கோட்டைப் பகுதியில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. மாடு பிடிச் சண்டையில் இறந்த ஒருவனுடைய பெயர் இரண்டாயிரம் ஆண்டு நின்றிருக்க, நூறு ஆண்டுக்கு முன் கடல் கடந்து மாண்டவன் பெயர் சொந்த வீட்டிலேயே மறக்கப்பட்டது எதனால்? முன்னவன் பெயரை அவனுடைய ஊரார் எழுதினார்கள். பின்னவன் பெயரை வேறு யாரேனும் எழுதுவார்கள் என்று அவனுடைய ஊரார் விட்டு விட்டார்கள். இதுவே காரணம்.

சில பெயர்கள் நிலைத்து நிற்கின்றன என்பதும் மெய்யே. செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், இரண்டாம் உலக யுத்தத்தில் 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலி தேசத்தில், வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தாமே விழுந்து, உடனிருந்தவர்களைக் காத்து உயிர் விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. 1999-ல் கார்கில் போரின்போது பட்டாலிக் பகுதியில் மே 29-ந் தேதி உயிர் துறந்த மேஜர் சரவணன் திருச்சியைச் சேர்ந்தவர்; அவருக்கு வீர சக்கரம் அளிக்கப்பட்டது; திருச்சி கண்டோன்மெண்டில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 2020 ஜூன் 15-ல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் துறந்த ஹவில்தார் பழனி, அடுத்த ஜில்லாவான இராமநாதபுரத்தில் கடுக்கலூரைச் சேர்ந்தவர். டில்லியில் 2019 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்ட தேசிய யுத்த நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர் நீத்த 25,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் கிராமப் பெயரேடு விருது பெற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. படையில் சமையல் செய்தவனும், தண்ணீர் சுமந்தவனும், லாரி ஓட்டியவனும், ரோடு போட்டவனும், நோயால் இறந்தவனும், பதினைந்து வருஷம் வேலை செய்து விட்டு வந்து ஊரில் கடை வைத்தவனும் படைக்குச் சென்றவர்களே. இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தியாவிலிருந்து சேர்ந்த சுமார் 25 லட்சம் பேரில் விருது பெற்றவர்கள் மிகச் சிலர். இறந்த சுமார் 87,000 பேரைத் தவிர மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். திரும்பியவர்களைப் பற்றி எந்தச் சின்னத்திலும் பெயர் இராது. அவர்கள் பெயர் ஊரில் இராவிடில் வேறெங்கும் இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. வெள்ளையர் சர்க்காருக்காகச் சண்டை செய்தவர்களையும் எழுதலாமா? அவர்களை எதிர்த்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களை எந்த வரிசையில் எழுதுவது? 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதியான இந்தியச் சிப்பாய்களில் ஒரு பகுதியார் தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்; ஒரு பகுதியார் சேரவில்லை. மலேயாவில் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்து வந்த தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். 1943-ல் காப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணி படையில் தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். அதே காலத்தில் பர்மாக் காடுகளில் எதிர்ப் பக்கத்திலும் தமிழ் வீரர்கள் இருந்தார்கள். அண்ணன் ஒரு படையிலும் தம்பி மற்றொரு படையிலும் இருந்திருக்கக்கூடும்.

தேசிய ராணுவத்தாருக்கு யுத்தம் முடிந்ததும் கிடைத்தது வேலை நீக்கமே. பல ஆண்டு கழித்து, 1972 ஆகஸ்டு 15 முதல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டத்தில் அவர்களுக்கும் இடமளிக்கப்பட்டது. அதற்கு விண்ணப்பம் செய்யவும் சேவைக்குச் சாட்சியம் வேண்டியிருந்தது. காகிதமோ சாட்சியோ இல்லாதவன் தன் சேவையை எவ்விதம் மெய்ப்பிப்பான்? ஆகவே யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்வது சங்க ஏட்டின் வேலையன்று. எந்த ஆண்டில், எந்தப் படையில், எங்கே என்று உள்ளபடி எழுதுவதே ஏட்டின் வேலை. ஊரார் எல்லோரும் ஓர் ஊர்ப் பிள்ளைகள். ஏடும் ஒன்றேயாக இருக்கட்டும்.

இனி, இது பழங்கதை மட்டுமன்று. இன்று படையிலிருப்பவர் குடும்பத்துக்கும், பென்ஷன் வாங்குவோர் குடும்பத்துக்கும் இது சோற்றுக் காரியம். சிப்பாய்க்குக் கலியாணமானால் அச்செய்தி அவருடைய படையின் உத்தரவில் பதிவாக வேண்டும். குழந்தை பிறந்தாலும் பதிவாக வேண்டும். பென்ஷன் உத்தரவில் மனைவியின் பெயர் சரியாக இருத்தல் வேண்டும். வீட்டில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், படை ஏட்டில் ஆள் சேர்ப்பவர் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு பெயர் என்று மூன்று பெயர் இருந்தால், வீரர் காலமான பின் அவருடைய மனைவி குடும்ப பென்ஷனுக்காகப் பல கச்சேரிகளின் படியேற வேண்டி வரும். கணவனை இழந்த துக்கத்தோடு, அவனுக்குத் தான்தான் மனைவி என்று மெய்ப்பிக்கும் துக்கமும் அவளுக்குச் சேருகிறது. கணவர் உயிரோடிருக்கும்போது ஒரு நாள் உட்கார்ந்து காகிதங்களை ஒத்துப் பார்த்திருந்தால் இத்துன்பம் வந்திராது.

முகவரியிலும் இக்குழப்பம் உண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்திய யூனியனோடு சேர்க்கப்பட்டுத் திருச்சி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. ஆதலால் இப்பக்கத்து ஊர்களில் பாட்டனார் காகிதத்திலும் தகப்பனார் காகிதத்திலும் மகன் காகிதத்திலும் ஜில்லாவின் பெயர் வேறு வேறாக இருக்கலாம். வீடு மாறவில்லை, ஜில்லாவே மாறிற்று என்பதை எடுத்துக்காட்ட, ஊரில் ஓர் ஏடு இருந்தால் எவ்வளவு உதவி!

அந்த ஏட்டை வைப்பது எவ்வாறு என்பதைச் சுருக்கமாகக் கூறலாம். கோடு போட்ட கெட்டி அட்டை நோட்டு ஒன்று போதும். அதில் கீழ்க்கண்ட விவரங்களுக்குக் கட்டம் போடுதல் வேண்டும்.

முதலாவது, பெயர். வீட்டில் வழங்கிய பெயர், படையில் எழுதிய பெயர் இரண்டும். இரண்டாவது, தாய் தந்தையர் பெயரும் வீடு இருக்கும் தெருவும். தாயின் பெயரை விடலாகாது. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய அதுவே உதவும். மூன்றாவது, சேர்ந்த ஆண்டும் விலகிய ஆண்டும். நான்காவது, படை எண்ணும் படையின் பெயரும். பெயர் மாறினாலும் எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆதலால் எண்ணே முக்கியம். ஐந்தாவது, வேலை செய்த இடங்கள். ஆறாவது, திரும்பி வந்தாரா, எங்கே எப்போது காலமானார் என்பது. ஏழாவது, வீட்டில் என்னென்ன காகிதம், பதக்கம், படம் இருக்கின்றன, யாரிடம் இருக்கின்றன என்பது. எட்டாவது, இன்றைய வாரிசுகள். ஒன்பதாவது, இவ்விவரத்தைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பது.

கடைசிக் கட்டம் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஏட்டின் நாணயம் அதில்தான் இருக்கிறது. தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். தெரியாததற்குக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். சிப்பாயாக இருந்தவரை சுபேதார் என்று உயர்த்தி எழுதுவது அவருக்கு மரியாதை செய்வதாகாது. ஒரு பொய் ஏறிய ஏட்டில் உள்ள மெய்யையும் ஒருவரும் நம்பார். இது ரொக்கப் புத்தகம் வைப்போருக்குத் தெரிந்த நீதி.

காகிதங்களை வீட்டாரிடமிருந்து சங்கத்தார் வாங்கி வைத்துக் கொள்ளலாகாது. பார்த்து எழுதிக் கொண்டு அப்போதே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பாங்குக் கணக்கு எண், ஆதார் எண் முதலியவற்றை இந்த ஏட்டில் எழுதவே கூடாது. அவற்றை அறிந்து மோசம் செய்வோர் இருக்கிறார்கள். பதக்கத்தைப் பளபளப்பாகத் தேய்ப்பதும் தவறு; தேய்க்கத் தேய்க்க விளிம்பெழுத்து மழுங்கும். மெல்லிய துணியில் சுற்றி வைப்பதே போதும்.

விவரம் குறைந்திருந்தால் கேட்டறிய இடங்கள் உண்டு. ஒவ்வொரு ஜில்லாவிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையிடம் நீலகிரியில் வெலிங்டனிலும், மதராஸ் ஸாப்பர்ஸ் படையின் தலைமையிடம் பெங்களூரிலும் உள்ளன. இரு உலக யுத்தங்களிலும் இறந்தோரைப் பெயரைக் கொண்டோ எண்ணைக் கொண்டோ மேற்சொன்ன கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கைப்பேசியிலேயே இதைச் செய்து கொடுப்பார்கள். ஒரே பெயருக்கு ஒரு தமிழெழுத்து, பல ஆங்கில எழுத்து இருக்கும். ஆகையால் ஒரு முறை தேடிக் கிடைக்கவில்லையென்று விட்டு விடலாகாது.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?” என்று கேட்போர் உண்டு. உதவும் என்பதற்குப் பஞ்சாப் மாகாணம் சாட்சி. முதல் யுத்தம் முடிந்ததும் அங்கே கிராமங்கள் தோறும் படைக்குச் சென்றோர் பெயர்களைத் தொகுத்து ஏடுகள் எழுதினார்கள். அவை லாகூர் மியூஸியத்தில் ஏறக்குறைய நூறு ஆண்டு உறங்கிக் கிடந்தன. 2021-ல் அவற்றின் விவரங்கள் இணையதளத்தில் வெளியிடப்படத் தொடங்கின. சுமார் 3,20,000 பேருடைய விவரம் அவற்றில் உண்டு. அயல்நாடுகளில் குடியேறியிருக்கும் பேரன்மார் தங்கள் கிராமத்தின் பெயரைத் தேடி, பாட்டனார் பெயரைக் கண்டுகொள்ள முடிகிறது. எழுதியவர்கள் இப்பலனைக் கண்டவர்களல்லர். விதைத்தவனே அறுக்க வேண்டுமென்ற நியதி இல்லை.

ஏடு எழுதுவதற்குச் சண்டை சச்சரவு வேண்டாம். எந்தத் தெருவை முதலில் எழுதுவது, எந்த வகுப்பாரை முதலில் எழுதுவது என்று வாதம் எழுந்தால், படையில் சேர்ந்த ஆண்டின் வரிசைப்படி எழுதி விடலாம். பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே அடுப்பில் உண்டவர்களை ஊர் ஏட்டில் பிரித்து எழுதுதல் அழகன்று. யுத்தத்தைக் கொண்டாடவும் இந்த ஏடு வேண்டாம். இளம் விதவைகளும், மகனை எதிர்பார்த்துத் தபால்காரன் வரும் பாதையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்த தாய்மார்களும் இருந்த வீடுகளின் வரலாறு அது. அதைக் கேட்டு எழுதுவோர் பொறுமையோடும் அடக்கத்தோடும் கேட்டல் வேண்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது.

வேலையைத் தொடங்க நல்ல நாள் பார்க்க வேண்டுவதில்லை. ஊரில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், தாமதம் செய்யலாகாது என்பது தானே விளங்கும். முதலில் அவர்களிடம் போதல் வேண்டும். 1949 முதல் ஆண்டு தோறும் டிசம்பர் 7-ந் தேதி படைவீரர் கொடி நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்றைய தினம் சங்கக் கட்டடத்தில் கூடி, ஏட்டிலுள்ள பெயர்களை ஒரு முறை வாசிக்கலாம். விட்டுப்போன பெயர்களை அப்போது யாரேனும் எழுந்து சொல்லுவார்கள். ஏடு ஆண்டுக்காண்டு நிறையும்.

முன் சொன்ன மூதாட்டியின் வீட்டில் அடுத்த அமாவாசையன்று வழக்கம்போல இலை போட்டுப் படைத்திருப்பார்கள். சோறும் குழம்பும் முன்போலவேதான் இருந்திருக்கும். ஆனால் விளக்கேற்றிக் கும்பிடும்போது, பஸ்ராத் தாத்தா என்பதற்குப் பதிலாக ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். பெற்ற தாய் தொட்டிலிலிட்டு அழைத்த பெயர், நூறு ஆண்டுக்குப் பின் அவ்வீட்டில் மறுபடி ஒலித்திருக்கும். நகை நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் சற்று நிதானித்து விளிம்பைப் பார்த்ததால் உண்டான பலன் அது.

அவ்வித நிதானம் ஒவ்வொரு சங்கத்திலும் உண்டாகட்டும். பிறர் கடனையெல்லாம் பிழையின்றி எழுதி வைக்கும் சங்கம், ஊரின் இந்தக் கடனையும் எழுதி வைக்கட்டும். வரும் மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டிலிருந்து, அல்லது அடுத்த வீட்டிலிருந்து, ஒரு பெயரையேனும் கொண்டு வந்து சேர்ப்பாராக.